ஞானபாக்கியம் சேற்றில் படுத்த கதை

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், தென்காசி ஏசுதாசன் தன் போட்டோ ஸ்டுடியோவைப் பாதி பெயர்த்து அருவிக்கரைக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கே ஒரு ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குள் அருவியை வரைந்த ஒரு திரைச்சீலை. நிஜ அருவி கூப்பிடு தூரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். ஜனங்களோ ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து துணி அருவிக்கு முன்னால் விறைத்து நிற்பார்கள். சாரலில் காமிரா நனைந்துவிடும் என்பது ஏசுதாசன் சொல்லும் காரணம். மேகம் போட்டால் முகம் தெளிவாக விழாது என்பது இன்னொரு காரணம். "வெளிய எடுக்கப் பயம் ஒண்ணுதான். அதுக்குக் காரணம் மட்டும் ரெண்டு" என்பாள் அவர் மனைவி ஞானபாக்கியம். அதை அவர் காதுபடவே சொல்லுவாள்.

அவள் காமிராவுக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. தென்காசியில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் ஆண் போட்டோக்காரன் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். அத்தர்க் கடை காஜாவின் தாயார் கொழும்புக்குப் போகப் பாஸ்போர்ட் படம் வேண்டியிருந்தபோது, ஏசுதாசன் ஒரே மத்தியானத்தில் மனைவிக்குக் காமிராவைச் சொல்லிக்கொடுத்து உள்ளே அனுப்பினார். அதுவரை அவள் வேலை, நெகட்டிவில் அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைப்பதும், கறுப்பு வெள்ளைப் படத்தில் உதட்டுக்கும் வளையலுக்கும் வர்ணம் தீட்டுவதும்தான். காஜாவின் வீட்டுக்குள் போனவள் திரும்பி வரும்போது போட்டோக்காரியாக வந்தாள். அப்புறம் அந்தக் காமிராவை அவள் கையிலிருந்து பிடுங்க ஏசுதாசனால் முடியவில்லை. இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

கடையத்தில் அவளுடைய தாய் இறந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம். இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, உறவெல்லாம் சுற்றி நிற்கப் படம் எடுப்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். போட்டோக்காரன் ஏறி நிற்க உயரமான ஸ்டூல் ஒன்றை யாராவது இரவல் வாங்கி வந்து போடுவார்கள். அன்றைக்கு ஏசுதாசன் வழக்கம்போல ஸ்டூலில் ஏறினார். ஞானபாக்கியம் தாயின் தலைமாட்டில் அழுது ஓய்ந்து தரையில் சாய்ந்து கிடந்தாள். கிடந்த இடத்திலிருந்து பார்த்தபோது தாயின் முகம் தாயின் முகமாகவே இருந்தது. எழுந்து ஸ்டூல் பக்கம் போய் எட்டிப் பார்த்தால், அது வெறும் பிணம்.

"இறங்குங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. துஷ்டி வீட்டில் அத்தனை பேர் பார்க்க, காமிராவை வாங்கித் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு எடுத்தாள். பெற்ற மகள், துக்கத்தில் என்னவோ செய்கிறாள் என்று ஊர் அதை விட்டுவிட்டது. அவள் விடவில்லை. அதன் பிறகு யாரைப் படம் எடுத்தாலும் முகத்துக்கு நேராக இறங்கித்தான் எடுத்தாள். கைக்குழந்தை என்றால் பாயில் குப்புறப் படுப்பாள்.

பறவை வந்தது அறுபதாம் வருஷக் கடைசியில். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, சாலையோரம் புலியடிக் குளத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கிய இடத்தில் அவற்றைப் பார்த்தாள். வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் சிவந்த கால்கள். பவளக்காலி என்று சிலர் சொல்லுவார்கள். பெரும்பாலோர் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளான் என்று சொல்லிக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றுவிடுவார்கள். மறுநாளே காமிராவைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் நின்று எடுத்தாள். கழுவிப் பார்த்தால், குளம் முழுக்க விழுந்திருந்தது. பவளக்காலி இருந்த இடத்தில் ஓர் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"குருவியப் படம் எடுத்து யாருக்குட்டி விக்கப் போற?" என்று கேட்டார் ஏசுதாசன். "பிலிம் கிடைக்கிற லெச்சணம் உனக்குத் தெரியாதா?"

"விக்கதுக்குன்னு யார் சொன்னா? எனக்கு அதுக்க முகத்தப் பாக்கணும். அவ்வளவுதான்."

அந்தக் குளத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. கரையும் ஆழமும் கிழக்கே. பறவை மேய்கிற சேறும் கணுக்கால் தண்ணீரும் மேற்கே, மலையைப் பார்த்த பக்கம். மேற்கே படுத்தால் காலை வெயில் நேரே காமிராவின் கண்ணுக்குள் பாயும். பறவை கரிக்கட்டையாகத்தான் விழும். சாயங்காலம் போகலாம் என்றால் மாடு குளிப்பாட்ட ஆள் வந்துவிடும். ஆள் போன பிறகு எடுக்கலாம் என்றால் அதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆக, கண்ணைக் கூசும் காலை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அந்த மார்கழி, தை முழுக்க அவள் விடியுமுன் போனாள். சேலையோடு சேற்றில் படுத்தால் எழுந்திருக்கும்போது பாதிச் சேலை குளத்திலேயே இருந்துவிடுகிறது. ஆகவே புருஷனுடைய காக்கிக் கால்சட்டையையும் பழைய சட்டையையும் போட்டுக்கொண்டாள். முதுகில் சேறு பூசிய சாக்கு. காமிரா சேற்றில் இறங்கிவிடாமல் இருக்க வடகரை ஊர்த் தோப்பிலிருந்து கமுகம்பாளை, அதாவது பாக்கு மரத்து மட்டை, ஒன்று வரவழைத்தாள். பிள்ளைகள் ஒருவரை உட்காரவைத்து இழுத்து விளையாடும் பாளை. அதன்மேல் காமிராவை வைத்து விரல் விரலாக முன்னே தள்ளிக்கொண்டு ஊர்ந்தாள். காமிராவின் தலையில் குனிந்து பார்க்கிற கண்ணாடியில் எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். பறவை வலப்பக்கம் நடந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். அட்டை கடித்தது. முழங்கை புண்ணானது. பவளக்காலிகள் முதல் வாரம் அவளைக் கண்டதும் கத்திக்கொண்டு பறந்தன. பிறகு கத்த மட்டும் செய்தன. அப்புறம் அவளைக் குளத்தில் கிடக்கிற ஒரு கட்டையாக ஏற்றுக்கொண்டன.

வெளிச்சத்துக்கு அவள் கண்ட வழி, யாரும் சொன்ன வழி அல்ல. வெயிலோடு சண்டை போடுவதை விட்டுவிட்டாள். தண்ணீர் பளபளப்பது பளபளக்கட்டும், அது படத்தில் வெளுத்து இல்லாமலே போனாலும் போகட்டும் என்று துணிந்தாள். பறவையின் நிழல்பக்கத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவையும் தாராளமாகக் கொடுத்தாள். அப்படிக் கொடுக்க வேண்டுமானால் காமிரா சற்று அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் பறவை அசையக் கூடாது. பறவையிடம் போய் அசையாதே என்று யார் சொல்ல முடியும்? ஸ்டுடியோவில் மாப்பிள்ளைகளிடம் சொல்லுவாள். அவர்களே கேட்பதில்லை.

ஒரு நாள் காலை பனி விலகி வெயில் கரைக்கு மேலே ஏறியபோது, ஒரு பவளக்காலி அவளுக்கு எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் வந்து நின்றது. ஒரு காலை மடக்கித் தூக்கியது. சட்டென்று தலையைத் திருப்பி நேராகப் பார்த்தது. பார்த்தபடி அசையாமல் நின்றது. ஞானபாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். இன்னொன்று எடுக்கலாம் என்று பிலிமைச் சுற்றப்போன நேரத்தில்தான் யாரோ அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

இழுத்தவர் ஞானதுரை. பஜாரில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். குளத்தை ஒட்டி அவருக்கு வயலும் உண்டு. ஞானபாக்கியம் போகிற வேதக்கோயிலின் கமிட்டிச் செயலாளர். சபையில் பாதிரியாரான ஐயர் ஆமென் சொல்வதற்குமுன் அவர் சொல்லிவிடுவார். வயலைப் பார்க்க வந்தவர், சேற்றில் சாக்கும் காக்கிக் கால்சட்டையுமாக ஓர் உருவம் குப்புறக் கிடப்பதைக் கண்டு, "ஏலே, ஓடியாங்கலே! எவனோ செத்துக் கிடக்கான்!" என்று வயலில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லக் கூடாது. பிணத்தைக் கரைசேர்க்கத்தான் காலைப் பிடித்தார்.

ஞானபாக்கியம் திரும்பவில்லை. எதிரே பறவை நிற்கிறதே. பின்பக்கமாகக் கையை மட்டும் தூக்கி, பொறு என்று காட்டினாள்.

பிணம் கையைத் தூக்கினால் யார்தான் நிற்பார்கள்? ஞானதுரை "ஆண்டவரே!" என்று அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நேரியல் எல்லாம் சேற்றோடு சேறாயிற்று. பவளக்காலிகள் மொத்தமாக எழுந்து பறந்தன. ஓடிவந்த ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஞானபாக்கியம் எழுந்து, சாக்கை உதறி, மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளுக்கு வந்ததோ கோபம்.

"என்ன அண்ணாச்சி, ஒரு நிமிசம் பொறுக்கக் கூடாதா? பொணந்தானே, எங்க ஓடிப்போவப் போவுது?"

இந்த ஒரு வாக்கியம் அன்று மத்தியானத்துக்குள் தென்காசி பஜாரில் எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஆண் உடை தரித்தாள், ஊர் நடுவே அலங்கோலமாகக் கிடந்தாள், மூத்தவரை அவமதித்தாள் என்று ஞானதுரை எழுந்து அடுக்கினார். வேத வசனமும் காட்டினார். தான் விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. ஆராதனை முடிவில் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, "நான் செய்தது தப்பு, இனிமேல் குளத்துக்குப் போகமாட்டேன்" என்று சொல்ல வேண்டும், சொல்லும்வரை நற்கருணை கிடையாது என்று முடிவாயிற்று. ஐயர் இளைஞர், ஊருக்குப் புதிது. கமிட்டியை மீறத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

நற்கருணை இல்லை என்பது சின்ன விஷயம் என்று வெளியாள் நினைக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ஊரே எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் அப்பம் வாங்க முழங்கால் போடும்போது, ஒருத்தி மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருப்பாள். ஊர் முழுக்க அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் திரும்ப வேண்டும். புத்தி தெரிந்த நாள் முதல் அந்த அப்பத்துக்குக் கை நீட்டியவள் அவள். முதல் மாதம் வீட்டுக்கு வந்து அடுக்களையில் நின்று அழுதாள்.

"ஒரு வார்த்தைதானட்டி, சொல்லிட்டுப் போயேன்" என்றார் ஏசுதாசன்.

"தப்பு செஞ்சிருந்தா நூறு வார்த்தை சொல்லுவேன். நான் என்ன செஞ்சேன்? ஆண்டவர் உண்டாக்குன குருவிய, அதுக்கு நேரா குனிஞ்சு பாத்தேன். இது தப்புன்னா, அத உண்டாக்காம இருந்திருக்கணும்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

அடுத்த மாதத்திலிருந்து அவள் வழக்கமான இடத்தை விட்டு முன்பெஞ்சுக்கு வந்துவிட்டாள். தாண்டிப் போகிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டே தாண்டட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். குளத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

குளத்தில் எடுத்த அந்தப் படம் நன்றாக விழுந்திருந்தது. தண்ணீர் வெளுத்து மறைந்துபோய், ஒன்றுமில்லாத வெளிச்சத்தில் ஒற்றைக்காலில் நின்றது பவளக்காலி. இறக்கையில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கண் நேராகப் பார்த்தது. கறுப்பு வெள்ளையில் சிவப்பு விழாது. அதனால் மணப்பெண்களின் உதட்டுக்குப் பூசுகிற வர்ணத்தை எடுத்துக் கால்களுக்கு மட்டும் தீட்டினாள். ஏசுதாசன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அவரே போய்ச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

பிசான நெல் அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், பூசணி, வாழைத்தார், சேவல், முதல் ஈட்டு முட்டை. ஆராதனை முடிந்ததும் எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போகும். ஏலம் கூறுவது எப்போதும் ஞானதுரைதான். அந்த வருஷம் வரிசையில் பூசணிக்கும் சேவலுக்கும் நடுவே ஞானபாக்கியம் துணியில் சுற்றிய சட்டத்தோடு நின்றாள்.

"உனக்குத்தான் கமிட்டி முடிவு இருக்கே!" என்றார் ஞானதுரை.

"வாங்கக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி கமிட்டியில சொன்னீக. குடுக்கக் கூடாதுன்னு சொல்லலியே. இது எனக்க முதல் விளைச்சல்."

ஐயர் முன்னால் வந்து இரண்டு கையாலும் அதை வாங்கிப் பீடத்தடியில் நெல்மூட்டைமேல் சாய்த்து வைத்தார். அவருக்கு அன்று அவ்வளவுதான் தைரியம் இருந்தது.

முற்றத்தில் அந்தச் சட்டம் ஏலத்துக்கு வந்தபோது கூட்டம் நெருங்கி நின்றது. ஏலம் பார்க்க எல்லாச் சாதி, எல்லா மதத்து ஆட்களும் வருவார்கள். அத்தர்க் கடை காஜா முதல் விலை கேட்டார். "குடும் அண்ணாச்சி, கடையில மாட்டணும். வாரவன் போறவனெல்லாம் பாக்கட்டும்."

ஞானதுரைக்கு வியர்த்துவிட்டது. பஜாரில் அந்தப் படம் தொங்கினால், இது எந்தக் குளம், எப்போது எடுத்தது என்று ஒவ்வொருவனும் கேட்பான். ஒவ்வொருவனுக்கும் கதை சொல்லப்படும். கதையின் முடிவில் அவர் மல்லாந்து விழுவார். வேறு வழியில்லாமல் ஏலம் கூறுகிறவரே ஏலம் கேட்டார். காஜா விடவில்லை. சிரித்துக்கொண்டே ஏற்றினார். கடைசியில் ஞானதுரை, நெல்மூட்டைகள் போன விலையைவிட மேலே போய் அதை வாங்கி, முகம் உள்ளே போகும்படி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தார்.

"நெகட்டிவ் எங்கிட்டத்தான் அண்ணாச்சி இருக்கு" என்றாள் ஞானபாக்கியம் பின்னாலிருந்து.

அடுத்த வருஷமும் அதே படத்தை அச்சடித்து, காலுக்குச் சிவப்பிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வருஷமும் கொண்டுவந்தாள். காஜா ஏற்றுவார், ஞானதுரை வாங்குவார், கூட்டம் ரசிக்கும். கோயில் கூரைக்குப் புது ஓடு போட்டபோது, "அது குருவி போட்ட ஓடு" என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏலம் முடிந்ததும் ஐயர் அவளிடம் வந்து, "ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் அம்மா" என்பார். "வார்த்தை இல்ல ஐயரே, படந்தான் இருக்கு" என்பாள். நற்கருணை நாளில் முன்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அழுகை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. அப்பத்தின்மேல் ஆசை நிற்கவில்லை.

அறுபத்தெட்டு மாசியில் ஞானதுரை பல மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். படம் எடுக்க அவர் மனைவி ஜெபமலர் ஆள் அனுப்பினாள். ஏசுதாசனுக்கு அப்போது கண்ணில் புரை. ஞானபாக்கியம் காமிராவை எடுத்துக்கொண்டு போனாள்.

பெரிய வீடு. கூடத்தில் தரையில் விரித்த ஜமக்காளத்தின்மேல் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் அகலமான வாசல், அதன் வழியாகச் சாயங்கால வெயில் கண்ணைக் குத்திக்கொண்டு வந்தது. கமிட்டி ஆட்கள் முழுக்கச் சுவரோரம் நின்றார்கள். ஐயரும் இருந்தார். யாரோ உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"அது வேண்டாம்" என்றாள் ஞானபாக்கியம். எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நான் கீழ படுத்துத்தான் எடுப்பேன். அப்பத்தான் அண்ணாச்சி முகம் அண்ணாச்சி முகமா விழும். கமிட்டியில யாருக்கும் ஆட்சேபணை இருந்தா இப்பமே சொல்லிருங்க."

ஜெபமலர்தான் சொன்னாள்: "நீ படுத்து எடு, மதினி."

வெள்ளைச் சேலையோடு அவள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்தாள். காமிராவை முன்னே தள்ளி, தலையணையில் உயர்ந்து பெட்டி விளிம்புக்கு மேலே தெரிந்த முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். வாசல் வெளிச்சத்தை வெளுக்க விட்டுவிட்டு, முகத்தின் நிழலுக்கு வேண்டியதைக் கொடுத்தாள். இந்த முறை அசையாதே என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடுத்து முடித்துத் தலையைத் தூக்கியபோதுதான், பக்கத்து அறைக் கதவு வழியாக ஞானதுரையின் வெற்றுக் கட்டில் தெரிந்தது. கட்டிலுக்கு எதிரே, நிற்கிறவன் கண்ணுக்கு எட்டாத தாழ்வில், படுத்திருப்பவன் கண்ணுக்கு நேராக ஒரு சட்டம் மாட்டியிருந்தது. வெளிச்சத்தில் ஒற்றைக்காலில் பவளக்காலி நின்றது.

"படுக்கையில விழுந்த பெறவு அவுகதான் அங்கன மாட்டச் சொன்னாக" என்றாள் ஜெபமலர். "எதுக்குன்னு கேட்டா ஏசுவாக. ராவும் பகலும் அதத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தாக."

ஞானபாக்கியத்துக்குக் கண் நிறைந்தது. ஆனால் அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. தரையில் கிடந்தபடியே பெட்டியைப் பார்த்துப் பேசினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு இத்தன வருசம் உக்கார வச்சீரே, நீரு ஒண்ணு சொன்னீரா? அந்தக் குருவி அன்னைக்கு என்னயப் பாக்கல. உம்ம சத்தம் கேட்டு, எனக்குப் பின்னால வந்த உம்மத்தான் திரும்பிப் பாத்துது. அதுக்குத்தான் அசையாம நின்னுது. படம் பாதி உமக்குள்ளது. கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்பேன்."

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டபோது ஐயர் கிட்டே வந்தார்.

"வருகிற ஞாயிறு நற்கருணை. நீங்கள் வரவேண்டும். எழுந்து நின்று ஒன்றும் சொல்ல வேண்டாம்."

"வருவேன் ஐயரே. காலையில வெள்ளன குளத்துக்குப் போயிட்டு, அப்படியே வருவேன்."

சொன்னபடியே வந்தாள். கால்சட்டையின்மேல் சேலையைச் சுற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஊரோடு ஊராக எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். ஐயர் அப்பத் தட்டோடு வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றார். நீட்டிய இரு கைகளிலும் முழங்கை வரைக்கும் புலியடிக் குளத்துச் சேறு காய்ந்திருந்தது. ஐயர் அதைப் பார்த்தார். குனிந்தார். சேற்றுக் கையில் அப்பத்தை வைத்தார்.